மிச்சம் விழாத மரக்கால்

கல்லிடைக்குறிச்சியில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு திண்ணையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாடம், மீப்பெரு பொதுக் காரணி; அதாவது கொடுத்த எண்கள் எல்லாவற்றையும் மீதியில்லாமல் வகுக்கும் எண்களில் மிகப் பெரியது. அப்பளத்துக்குப் பேர்போன ஊர், அதற்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று நானே ஒரு கணக்குச் சொன்னேன். உளுந்து அப்பளம் 90, அரிசி அப்பளம் 150, மிளகு அப்பளம் 225 இருக்கின்றன. இவற்றைப் பாக்கெட் போட வேண்டும். எல்லாப் பாக்கெட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரு அப்பளம்கூட மிஞ்சக் கூடாது. அதிகபட்சம் எத்தனை பாக்கெட் போடலாம்?

அவள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி மூன்று எண்களையும் வரிசையாக எழுதி, இடது பக்கம் ஒரு கோடும் அடியில் ஒரு கோடும் போட்டாள். 5-ஆல் வகுத்தாள்: 18, 30, 45. அடுத்து 3-ஆல் வகுத்தாள்: 6, 10, 15. அங்கே பென்சிலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சித்தப்பா, 6-ம் 10-ம் இன்னும் ரெண்டால போகுதுல்லா? 10-ம் 15-ம் அஞ்சால போகுது. அப்போ இன்னும் வகுக்கணுமா, நிறுத்தணுமா?"

இந்தப் பாடத்தில் ஒரு பிள்ளை கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி இதுதான். நிறுத்த வேண்டும். 6, 10, 15 மூன்றையும் ஒருசேர வகுக்கும் எண் 1-ஐத் தவிர வேறு கிடையாது. ஆகவே விடை 5 × 3 = 15 பாக்கெட். ஒவ்வொரு பாக்கெட்டிலும் 6 உளுந்து, 10 அரிசி, 15 மிளகு.

நிறுத்தாமல் போயிருந்தால் என்ன ஆகும்? 2-ஆல் வகுத்தால் 3, 5, 15. 3-ஆல் வகுத்தால் 1, 5, 5. 5-ஆல் வகுத்தால் 1, 1, 1. இடது பக்க எண்களை எல்லாம் பெருக்கினால் 450. அது இந்த மூன்று எண்களின் மீச்சிறு பொது மடங்கு, அதாவது மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண். இருப்பதே 90 உளுந்து அப்பளம். அதை 450 பாக்கெட்டில் போடுவது எப்படி? இப்படி ஒரு விடை வந்தால் கணக்கைத் திரும்பச் செய்துபார்க்காமலே தவறு என்று சொல்லிவிடலாம். பொதுக் காரணி ஒருநாளும் இருக்கிற எண்களில் சிறியதைத் தாண்டாது. இன்னும் இறுக்கமாகவும் சொல்லலாம்: எண்களுக்கு இடையே உள்ள மிகச் சிறிய வித்தியாசத்தையும் தாண்டாது. இங்கே வித்தியாசங்கள் 60, 75, 135. ஆகவே விடை 60-க்கு மேல் போகவே முடியாது. இதற்கான காரணம் பின்னால் தானாக வரும்.

பிள்ளைகள் இந்த இடத்தில் தடுமாறுவதற்குக் காரணம் அவர்களுடைய கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஒரே மாதிரிக் கோடு போட்டு, ஒரே மாதிரி எழுதி, இரண்டு வெவ்வேறு வேலைகளை ஒரே வாரத்தில் சொல்லித்தருகிறோம். மீச்சிறு பொது மடங்குக்கு, வரிசையில் இரண்டு எண்கள் வகுபட்டால் போதும். வகுபடாததை அப்படியே கீழே இறக்கலாம். மீப்பெரு பொதுக் காரணிக்கு அத்தனை எண்களும் வகுபட வேண்டும். ஒன்று மறுத்தாலும் அதோடு சரி. இரண்டே எண்கள் இருக்கும்வரை இந்த வேறுபாடு கண்ணில் படாது. மூன்றாவது எண் வந்ததும் குழப்பம் தொடங்குகிறது. 6, 10, 15 போன்ற எண்களில் அது நன்றாகத் தெரியும். முதல் இரண்டுக்கும் 2 பொது, கடைசி இரண்டுக்கும் 5 பொது, ஓரத்து இரண்டுக்கும் 3 பொது. மூன்றுக்கும் பொது என்று எதுவும் இல்லை. இருவர் இருவராகக் கேட்டால் இருவருக்கும் தெரிந்த ஊர் ஒன்று இருக்கும். மூவரையும் உட்காரவைத்துக் கேட்டால் பொதுவான ஊரே இருக்காது. அதுபோலத்தான்.

சரி, இந்தப் பொதுக் காரணி என்பது உண்மையில் என்ன? கல்லிடைக்குறிச்சியைச் சுற்றி எங்கே திரும்பினாலும் வயல். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர். பிசானப் பருவத்து நெல் அறுப்பு முடிந்து களத்தில் பொலி (தூற்றிய நெல்) குவித்து மரக்காலால் அளந்த காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ண மாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். வாய்பாட்டில் 8 படி ஒரு மரக்கால், 21 மரக்கால் ஒரு கோட்டை. அதாவது ஒரு கோட்டை நெல் 168 படி.

களத்தில் மூன்று குவியல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 168 படி, 252 படி, 420 படி. மூன்று குவியலையும் ஒரே அளவையால் அளக்க வேண்டும். கடைசி அளவை குறைவாக நிற்கக் கூடாது, களத்தில் மிச்சமும் விழக் கூடாது. ஒரு படி எடுத்து அளந்தால் எந்தக் குவியலிலும் மிச்சம் விழாது. ஆனால் 168 தடவை, 252 தடவை, 420 தடவை குனிந்து நிமிர வேண்டும். இரண்டு படி பிடிக்கும் பாத்திரமும் சரிப்படும், நான்கு படியும் சரிப்படும், ஏழு படியும் சரிப்படும். எட்டுப் படி மரக்கால் சரிப்படாது. 168-ஐ 21 தடவையில் அளந்துவிடும், 252-இல் நான்கு படி மிஞ்சும். மூன்றுக்கும் சரிப்படும் பாத்திரங்களில் எது பெரியதோ அதுதான் மீப்பெரு பொதுக் காரணி. இங்கே அது 84 படி, அரைக் கோட்டை. குவியல்களைக் கோட்டையில் சொன்னால் ஒன்று, ஒன்றரை, இரண்டரை என்று வரும். அரைக் கோட்டை ஏன் விடையாக வருகிறது என்பது உடனே விளங்கும்.

அப்பளக் கணக்கில் விடை பாக்கெட்டுகளின் எண்ணிக்கை. நெல் கணக்கில் விடை ஒரு அளவையின் கொள்ளளவு. எண்ணைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். வினாவை வாசிக்கும்போது 'எத்தனை பங்கு' என்று கேட்கிறார்களா, 'ஒரு பங்கு எவ்வளவு' என்று கேட்கிறார்களா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கண்டுபிடிக்கும் வழி. காரணிகளை எல்லாம் பட்டியல் போட்டுப் பொதுவானவற்றில் பெரியதை எடுப்பது முதல் வழி. 12, 18, 30 என்ற அளவில் இருந்தால் போதுமானது. அதற்கு மேல் கை வலிக்கும். இரண்டாவது, பகாக் காரணிகளாக, அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் 2, 3, 5, 7 போன்ற எண்களாகப் பிரிப்பது. 168 என்பது 2 × 2 × 2 × 3 × 7. 252 என்பது 2 × 2 × 3 × 3 × 7. 420 என்பது 2 × 2 × 3 × 5 × 7. மூன்றிலும் இருப்பது இரண்டு 2, ஒரு 3, ஒரு 7. பெருக்கினால் 84. 168-இல் மூன்றாவது 2 இருந்தும் மற்ற இரண்டில் இல்லாததால் அது சேராது. 5, 420-இல் மட்டும் இருப்பதால் அதுவும் சேராது. எண்களின் உள்கட்டமைப்பைப் பிரித்துக் காட்டுகிறது என்பதால் இந்த வழியில் எனக்கு மரியாதை உண்டு. ஏன் 84, ஏன் அதற்கு மேல் போகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

ஆனால் பகாக் காரணி வழி ஒன்றை எடுத்துக்கொண்டே தொடங்குகிறது: எண்களைப் பிரிக்க நமக்குத் தெரியும் என்பதை. 2491, 2867, 3149 ஆகிய மூன்றையும் கொடுத்தால் என்ன செய்வது? 2-ஆல் போகாது, 3-ஆல் போகாது, 5, 7, 11, 13 என்று வரிசையாக முயல வேண்டும். முதல் எண்ணுக்கே 47 வரை போக வேண்டியிருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் பாதி வழியிலேயே 'பொதுக் காரணி 1' என்று எழுதிவிட்டுப் போவார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் களத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு பாத்திரம் 2491 படிக் குவியலையும் 2867 படிக் குவியலையும் மிச்சமில்லாமல் அளக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய குவியலிலிருந்து சிறிய குவியல் அளவுக்கு நெல்லை எடுத்து ஒதுக்கிவிட்டால் மீதி 376 படி. ஒதுக்கியதை அந்தப் பாத்திரம் சரியாக அளக்கும், மொத்தத்தையும் சரியாக அளக்கும்; அப்படியென்றால் மீதியையும் சரியாகத்தானே அளந்தாக வேண்டும்? இதைத் தலைகீழாகவும் சொல்லலாம்: சிறிய குவியலையும் மீதியையும் சரியாக அளக்கும் எந்தப் பாத்திரமும் பெரிய குவியலைச் சரியாக அளக்கும். ஆகவே 2491, 2867 என்ற கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு 2491, 376 என்ற சின்னக் கணக்கைச் செய்தால் போதும். விடை மாறவே மாறாது. பொதுக் காரணி வித்தியாசத்தைத் தாண்டாது என்று முன்பு சொன்னதற்கும் இதுதான் காரணம்.

ஒவ்வொரு தடவையாகக் கழிப்பதற்குப் பதில் வகுத்து மீதியை எடுக்கலாம். 2491-ஐ 376-ஆல் வகுத்தால் மீதி 235. 376-ஐ 235-ஆல் வகுத்தால் மீதி 141. 235-ஐ 141-ஆல் வகுத்தால் மீதி 94. 141-ஐ 94-ஆல் வகுத்தால் மீதி 47. 94-ஐ 47-ஆல் வகுத்தால் மீதி இல்லை. முதல் இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி 47. ஒரு பகா எண்ணைக்கூடத் தேடவில்லை.

மூன்றாவது எண்? 47-ஐயும் 3149-ஐயும் எடுத்து அதே வேலையைச் செய்ய வேண்டும். 47 × 67 = 3149, மீதி இல்லை. ஆகவே மூன்றுக்கும் பொது 47. எண்கள் நான்கானாலும் நாற்பதானாலும் இதே கதைதான்: முதல் இரண்டுக்கு விடை கண்டு, அந்த விடையோடு அடுத்த எண்ணைச் சேர்த்து, அப்புறம் அதற்கடுத்ததைச் சேர்த்துப் போக வேண்டும். எந்த வரிசையில் எடுத்தாலும் ஒன்றே வரும். நம் வசதிக்குச் சிறிய எண்களை முதலில் எடுப்பது நல்லது. நடுவில் எங்கே 1 வந்தாலும் அங்கேயே நிறுத்திவிடலாம். மற்ற எண்களைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

இது யூக்ளிட் எழுதிவைத்த வழி. பொ.ஆ.மு. 300-ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் இருந்தவர். அவருடைய 'எலிமெண்ட்ஸ்' நூலின் ஏழாம் புத்தகத்தில் இரண்டாவது கூற்று இரண்டு எண்களுக்கு, மூன்றாவது கூற்று மூன்று எண்களுக்கு. அவர் எண்களைக் கோடுகளாக வரைந்தார். ஒரு எண் மற்றொன்றை 'வகுக்கிறது' என்று சொல்லவில்லை, 'அளக்கிறது' என்றார். மரக்காலை வைத்து இந்தப் பாடத்தைச் சொல்லலாம் என்று எனக்குத் தைரியம் வந்ததே அந்த ஒரு சொல்லால்தான். நம் பக்கத்தில் ஆரியபட்டர் பொ.ஆ. 499-இல் எழுதிய ஆரியபடீயத்தில் இதே தொடர் வகுத்தல் வருகிறது. பின்னால் வந்தவர்கள் அதைக் 'குட்டகம்' என்று அழைத்தார்கள். குட்டகம் என்றால் இடித்துப் பொடியாக்குவது. பெரிய எண்களை மீதி மீதியாகப் பொடித்துக்கொண்டே போகும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. ஆரியபட்டருக்கு அது தேவைப்பட்டது வேறொன்றுக்கு: ஒரு எண்ணால் வகுத்தால் இன்ன மீதி, வேறொன்றால் வகுத்தால் இன்ன மீதி என்று சொன்னால் அந்த எண்ணைக் கண்டுபிடிக்க.

இந்த வழி எவ்வளவு வேகம் என்பதையும் கணித்து வைத்திருக்கிறார்கள். காப்ரியேல் லாமே என்ற பிரெஞ்சுக்காரர் 1844-இல் நிரூபித்தார்: வகுத்தல்களின் எண்ணிக்கை, சிறிய எண்ணில் உள்ள இலக்கங்களைப் போல ஐந்து மடங்கைத் தாண்டாது. நாலு இலக்க எண் என்றால் அதிகபட்சம் 20 வகுத்தல். நாம் மேலே செய்தது ஆறு. நூறு இலக்க எண்கள் என்றாலும் 500-க்குள் முடிந்துவிடும். கம்ப்யூட்டருக்கு அது கண் சிமிட்டும் நேரம். ஆனால் பல நூறு இலக்கம் கொண்ட எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது இன்றைய கம்ப்யூட்டர்களுக்கும் மலைப்பான வேலை. இணையத்தில் ரகசியம் காக்கும் ஆர்எஸ்ஏ முறை அந்தக் கடினத்தை நம்பித்தான் நிற்கிறது. பொதுக் காரணி காண்பது எளிது, தனியாகக் காரணி காண்பது கடினம். ஆறாம் வகுப்பில் பொதுக் காரணியைக் காண ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்கிறோம், அதாவது எளிய வேலைக்குக் கடின வேலையின் வழியாகப் போகச் சொல்கிறோம். யூக்ளிட்டின் வழி அதற்குப் பிந்தைய வகுப்புகளில்தான் வருகிறது. கழித்தல் தெரிந்த பிள்ளைக்கு ஆறாம் வகுப்பிலேயே சொல்லலாம் என்பது என் எண்ணம்.

பல எண்கள் இருந்தால் இன்னொரு சுருக்கமும் உண்டு. எல்லாவற்றிலும் சிறியதை எடுத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதனால் வகுத்து, மீதிகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 168, 252, 420-இல் 252-க்கு மீதி 84, 420-க்கும் மீதி 84. இப்போது கையில் 168, 84, 84. அடுத்த படியில் 168-க்கு மீதி இல்லை. விடை 84. இரண்டே வரி.

வித்தியாசங்களை வைத்து இன்னும் வேகமாகப் போக முயல்பவர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பிகள், தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி பாடத்திட்டத்தில் இந்தத் தலைப்பு இருக்கிறது. 2491, 2867, 3149-இன் அடுத்தடுத்த வித்தியாசங்கள் 376, 282. இவற்றின் பொதுக் காரணியைப் பார்த்தால் 376-இலிருந்து 282 போக 94; 282 என்பது மூன்று 94. ஆகவே 94. இதையே விடை என்று எழுதினால் தவறு. 94 இரட்டைப்படை, மூன்று எண்களும் ஒற்றைப்படை, எப்படி வகுக்கும்? வித்தியாசங்களுக்குப் போகும்போது மூல எண்களில் ஒன்றையாவது கையில் வைத்துக்கொள்ள வேண்டும். 2491-ஐ 94-ஆல் வகுத்தால் மீதி 47, 94-ஐ 47 வகுக்கும், விடை 47.

அப்படியானால் 94 வீணா? இல்லை, அது வேறொரு கேள்விக்கு விடை. 'இந்த மூன்று எண்களையும் வகுக்கும்போது ஒரே மீதி தரும் மிகப்பெரிய எண் எது?' 94-ஆல் வகுத்தால் மூன்றிலும் மீதி 47. தேர்வுகளில் வழக்கமாக வரும் வினா இது. மீதி எவ்வளவு என்று சொல்லாமல் விட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். வித்தியாசம் எடுக்கும்போது ஒரே மீதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் மீதி தெரிய வேண்டிய தேவையே இல்லை.

இன்னொரு குழி. இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியையும் மீச்சிறு பொது மடங்கையும் பெருக்கினால் அந்த இரண்டு எண்களின் பெருக்கல் பலன் வரும். இதை மனப்பாடம் செய்தவர்கள் மூன்று எண்களுக்கும் போட்டுவிடுகிறார்கள். 6, 10, 15-க்குப் பெருக்கல் பலன் 900. பொதுக் காரணி 1, பொது மடங்கு 30. பெருக்கினால் 30-தான் வருகிறது. மூன்று எண்களுக்கு வேண்டுமானால், பெருக்கல் பலனை மூன்றுக்கும் பொதுவான காரணியால் பெருக்கி, இரண்டிரண்டாக எடுத்த மூன்று பொதுக் காரணிகளால் வகுக்க வேண்டும்: 900 × 1-ஐ 2 × 3 × 5-ஆல் வகுத்தால் 30. தேர்வில் இதை நினைவில் வைத்திருப்பதைவிட நேராகக் கணக்குப் போடுவது சுலபம்.

அப்பளக் கணக்கு முடிந்ததும் அண்ணன் மகள் இன்னொன்று கேட்டாள். பாடத்தில் எப்போதும் 12, 24, 15 என்று ஏதாவது ஒரு விடை வருகிறதே, சும்மா மூன்று எண் எழுதினாலும் அப்படித்தான் வருமா? வராது. பாடத்துக்காகத் தேர்ந்தெடுத்த எண்கள் அவை. கண்ணை மூடிக்கொண்டு பெரிய எண்கள் இரண்டை எடுத்தால் அவற்றின் பொதுக் காரணி 1 ஆக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 61. மூன்று எண் எடுத்தால் சுமார் 83. நான்கு எடுத்தால் 92. காரணம் எளியது: இரண்டும் இரட்டைப்படையாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு, மூன்றும் அப்படி அமைய எட்டில் ஒன்றுதான். மூன்றுமே 3-ஆல் வகுபட 27-இல் ஒன்று, 5-ஆல் வகுபட 125-இல் ஒன்று. ஆள் கூடக் கூட எல்லாரும் ஒத்துப்போவது அரிதாகிறது.

அவளுக்கு அது நம்பும்படி இல்லை. என் சட்டைப் பையில் திருநெல்வேலியிலிருந்து மாறி மாறி வந்ததில் சேர்ந்த பஸ் டிக்கெட்டுகள் மூன்று இருந்தன. கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். முதல் டிக்கெட் 731, இரண்டாவது 508. மீதி 223. 508-இல் இரண்டு 223 போக 62. 223-இல் மூன்று 62 போக 37. 62-இலிருந்து 37 போக 25. அப்புறம் 12. 25-இல் இரண்டு 12 போக 1.

"சித்தப்பா, 1 வந்துட்டு" என்றாள். மூன்றாவது டிக்கெட்டை அவள் கையில் எடுக்கவே இல்லை.